ரெண்டையும் சேத்து முடிச்சிடலாம்

என்னை வேலைக்கு எடுத்த நேர்காணல் பெங்களூர் விவேக் நகர் குழந்தை யேசு கோயில் வரிசையில் நடந்தது. அன்று வியாழக்கிழமை. நவநாள் கூட்டம் தெருமுனை வரைக்கும் நின்றது. காலையிலேயே எனக்கு மேலதிகாரியாகப் போகிறவளிடமிருந்து போன் வந்திருந்தது.

"ஆபீசுக்கு வராதீங்க. கோயில் வாசலுக்கு வந்துடுங்க. எனக்கு ஒன்பது வார வேண்டுதல், இன்னிக்கி ஏழாவது வாரம். உங்க இண்டர்வியூவும் இன்னிக்கித்தான். ரெண்டையும் சேத்து முடிச்சிடலாம்."

நான் குடியாத்தத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கியவள். சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். ஊதா நிறச் சுடிதார், தோளில் லேப்டாப் பை, ஒரு கையில் முழ நீள மெழுகுவர்த்தி, இன்னொரு கையில் போன். "குடியாத்தமா? இங்க வாங்க" என்று கயிற்றைத் தூக்கி என்னை உள்ளே இழுத்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "வேலைக்கி வந்திருக்கிற பொண்ணுங்க, வேண்டிக்கோங்க" என்றாள். முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

"கோவமா இருக்கிற கஸ்டமர் போன்ல கத்தறாரு. நீங்க இன்னா பண்ணுவீங்க?"

மனப்பாடம் செய்து வைத்திருந்த பதிலை நான் ஆரம்பித்தேன். அதற்குள் முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "மொதல்ல கத்தி முடிக்க விடணும்மா. எங்க வூட்டுக்காரர நான் அப்டித்தான் சமாளிக்கிறேன்" என்றார்.

"கரெக்ட்டு" என்றாள் அவள். அடுத்த கேள்விக்குப் பின்னாலிருந்த ஆட்டோக்காரர் பதில் சொன்னார். அவர் சொன்னதும் சரி என்று பட்டதால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். குழந்தை யேசு சொரூபத்தின் முன்னால் போய்ச் சேர்ந்தபோது நான் எந்தத் தேதியில் சேர வேண்டும் என்பது வரைக்கும் பேசி முடித்திருந்தோம். அவள் கண்ணை மூடி உதடசைத்தாள். பிறகு திறந்து, "திங்கக்கெழம ஒன்பதரைக்கி வந்துடுங்க" என்றாள். என்னிடம் சொன்னாளா, குழந்தை யேசுவிடம் சொன்னாளா என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இப்போது நினைத்தால், அந்த இரண்டு வருடத்தில் நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

கட்டில், சோபா, அலமாரி எல்லாம் இணையத்தில் விற்கும் கம்பெனி எங்களுடையது. டொம்லூரில் ஆபீஸ். புகார் பிரிவில் நாங்கள் ஏழு பேர், அக்கா தலைவி. அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்வது அவளைப் பொறுத்தவரை சோம்பேறித்தனம். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்தபடி, "ஆ... ஆ" என்ற ஒரே எழுத்தை வைத்து ஒரு கட்டில் புகாரைத் தீர்த்தவள் அவள். அந்தக் கஸ்டமர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அதிகாரியைப் பார்த்ததே இல்லை என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

வருடாந்திர மதிப்பீடு என்றால் மற்ற பிரிவுகளில் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள். எங்களுக்கு அல்சூர் ஏரிக்கரையில். அவளுக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். ஆளுக்கு ஒரு சுற்று. திட்டு வாங்க வேண்டியவர்களுக்கு இரண்டு சுற்று. எனக்கு முதல் வருடம் ஒன்றரைச் சுற்று ஆயிற்று. பாதியில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, "நல்லா பண்ற. ஆனா போனை வெச்சதுக்கப்புறம் கஸ்டமரைத் திட்டற பாரு, அது எனக்கு கேக்குது" என்றாள்.

இந்தச் சேர்த்து முடிக்கும் பழக்கத்தில் விபத்துகளும் உண்டு. ஒருமுறை ஒரே தெருவில் ஒரு பிறந்தநாளும் ஒரு சாவும். ஆட்டோவில் கேக் பெட்டியும் மலர் வளையமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. போனில் பேசிக்கொண்டே இறங்கியவள் துக்க வீட்டில் கேக்கை நீட்டிவிட்டாள். நான் மலர் வளையத்தோடு பின்னாலேயே இறங்கினேன். அந்த வீட்டுப் பெரியவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். எங்களைப் பார்த்தார். "மூணு நாளா யாரும் வாயில ஒண்ணும் வைக்கல. பிள்ளைங்களுக்கு வெட்டிக் குடுங்கம்மா" என்றார். அக்கா அங்கேயே நின்று கத்தி வாங்கி, கண்ணீரோடு வெட்டிக் கொடுத்தாள். வெட்டும்போது தோளுக்கும் காதுக்கும் நடுவே போன் இருந்தது.

அவள் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத் தொழிலாளி. கல்லூரிக்கும், பிறகு முதல் வேலைக்கும் தினமும் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வந்து போனவள். தலை பின்னிக்கொண்டது, டிபன் சாப்பிட்டது, பரீட்சைக்குப் படித்தது, பக்கத்து சீட்டுக்காரர்களிடம் தெலுங்கும் உருதுவும் கற்றுக்கொண்டது எல்லாம் அந்த ரயிலில்தான். "போக வர நாலு மணி நேரம். சும்மா ஜன்னலைப் பாத்துகினு வந்தா எப்டி மா?" என்பாள். அம்மா இறந்தபிறகு அப்பாவை அழைத்துக்கொண்டு விவேக் நகரில் இரண்டு அறை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்பாவுக்கு மகளைக் கிண்டல் செய்வதுதான் முழுநேர வேலை. "எம் பொண்ணு தூங்கும்போதும் சும்மா இருக்காது. பல்லைக் கடிக்கும்" என்பார்.

பெண் பார்க்க வருபவர்களும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்க, உள்ளறையில் அவள் மீட்டிங்கில் இருந்தாள். இரண்டுக்கும் இடையே காபித் தட்டோடு நான்கு முறை போய்வந்தாள். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா, "எங்க பையனப் பத்தி உங்க அபிப்ராயம் என்னம்மா?" என்று கேட்டார். அக்கா கைகூப்பி, "உங்க கோரிக்கையைப் பதிவு பண்ணிட்டோம் மேடம். இருபத்தி நாலு மணி நேரத்துல பதில் வரும்" என்றாள். அவர்கள் பிறகு வரவில்லை.

அப்படிப்பட்டவளின் வாழ்க்கையில் ஒரு சோபா வழியாக டாக்டர் வந்தார்.

பிரேசர் டவுனில் முதல் மாடியில் கிளினிக் வைத்திருந்த மிருக வைத்தியர் அவர். நாற்பதைத் தொட்டவர், கல்யாணம் ஆகாதவர், அம்மாவோடு இருந்தார். காத்திருக்கிறவர்கள் உட்கார எங்களிடம் ஒரு சோபா வாங்கியிருந்தார். அவருடைய புகாரை எடுத்தது நான்தான். குரலில் கோபமே இல்லை.

"உங்க சோபா எங்க மாடிப்படியில மாட்டிகிட்டிருக்கு. மேலயும் வரல, கீழயும் போகல. அவசரம் ஒண்ணும் இல்லை. ஆனா கீழ ஒரு ஆடு நிக்குது, அது மேல வரணும்."

அக்காவின் அப்பாவுக்கு அதே நாளில், அதே பிரேசர் டவுனில் கண் பரிசோதனை. அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுத வேண்டியதில்லை. மூவரும் ஒரே ஆட்டோவில் போனோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஒன்றும் தெரியாத நிலையில் அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு கிளினிக்கின் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

சோபா திருப்பத்தில் செருகிக்கொண்டு நின்றது. அதைக் கொண்டுவந்த இரண்டு பேரும், "மேலே பர்த்தா இல்ல மேடம்", மேலே வரவில்லை என்று கன்னடத்தில் சொல்லிக் கையை விரித்தார்கள். கீழே வாசலில் டாக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆட்டின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தார். அக்கா தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். மன்னிப்புக் கேட்டாள். மூன்று வழிகள் இருக்கின்றன என்று மூன்றையும் விளக்கினாள். டாக்டர் நிமிரவே இல்லை. ஆட்டுக்கு ஊசி போட்டார், அதன் காதைத் தடவிக்கொடுத்தார், சொந்தக்காரரிடம் மருந்து சொன்னார், கை கழுவினார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க."

அக்கா முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. நடுவில் அவள் போன் அடித்தது. "பேசிட்டு வாங்க, நான் நிக்கிறேன்" என்றார் டாக்டர். உண்மையாகவே நின்றார். போனை எடுக்கவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அழைப்புகள். நான்காவதில் அக்காவுக்கு வார்த்தை குழறியது. வாடிக்கையாளர் மேலாண்மையில் பதினோரு வருட அனுபவம் உள்ளவள், ஒரு ஆள் சும்மா நிற்பதைப் பார்த்து, "அப்புறம் கூப்பிடறேன்" என்று போனை அணைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குள் அப்பா தடவித் தடவிப் படியேறி, மாட்டிக்கொண்ட சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார். "நல்லாத்தானே கீது? ஏன் எடுக்கணும்?" என்றார்.

"அப்பா, எழுந்திருங்க. அதை மேல ஏத்தணும்."

அப்பா உட்கார்ந்தபடியே சுவரையும் கைப்பிடியையும் தடவி அளந்தார். சோபாவின் முதுகை விரலால் தட்டினார். "பின்கால் ரெண்டையும் கழட்டு. நிமித்தி வை. இப்ப தலையை செவத்துப் பக்கம் சாய். சொல்ப... கொஞ்சமா... அங்கேயே புடி. இப்ப கால் பக்கம் தூக்கு." சோபா ஒரு முனகலோடு சுழன்று மேலே போய்விட்டது. எல்லோரும் வாயைப் பிளந்து நின்றோம். "உங்களுக்குத்தான் கண்ணு தெரியலையே!" என்றார் டாக்டர்.

"இருபத்தெட்டு வருஷம் இருட்டுலதான்யா வேல பாத்தேன்" என்றார் அப்பா.

புகார் தீர்ந்து ஏழாம் நாள் கஸ்டமரிடம் விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அக்கா நேரில் போய் விசாரித்தாள். பதினான்காம் நாளும் இருபத்தோராம் நாளும் விசாரிக்க வேண்டும் என்ற விதியை எப்போது சேர்த்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. அது தீர்ந்ததும் விவேக் நகரில் அவள் தெருவிலிருந்த நாய்களுக்குத் தடுப்பூசி போடும் சமூக சேவையை ஆரம்பித்தாள். ஒரே நாளில் ஆறையும் கொண்டுபோயிருக்கலாம். வாழ்க்கையிலேயே முதல்முறையாக, சேர்த்து முடிக்காமல் சனிக்கிழமைக்கு ஒரு நாயாகக் கொண்டுபோனாள். ஆறாவது நாய்க்கும் ஊசி போட்டானபிறகு அவள் முகம் வாடிவிட்டது. அப்பா தெருவில் நின்று பக்கத்துத் தெருவைக் காட்டி, "அங்க நாலு கீது, கவலப்படாத" என்றார்.

ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அவர் முன்னாடி உக்காரவே பயமா இருக்குது குடியாத்தம். ஓட்டல்ல நான் பேசுனா தோசையை அப்டியே வெச்சிட்டுக் கேக்கறாரு. தோசை ஆறிப்போவுது. எங்கிட்ட யாரும் இப்டி முழுசா கேட்டதே இல்ல. நான் சொல்றதுல அவ்ளோ விஷயம் இல்லன்னு கண்டுபுடிச்சிட்டாருன்னா?"

அந்த ஜனவரியில் மூன்று விஷயங்கள் ஒரே நாளில் வந்து விழுந்தன. அப்பாவுக்குக் கண் புரை ஆபரேஷன். எங்கள் முதலாளியோடு வீடியோ மீட்டிங். அவர் சென்னைக்காரர், பூனாவில் தலைமை ஆபீஸ் வைத்திருந்தார், பாதி மீட்டிங் தமிழிலேயே நடக்கும். நாடு முழுவதற்கும் ஒரே புகார் பிரிவு தொடங்கப்போகிறார், அதற்குத் தலைவராக அக்காவை நினைத்திருக்கிறார் என்று பேச்சு இருந்தது. மூன்றாவது, டாக்டரின் அம்மா அக்காவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"ஆஸ்பத்திரில வெச்சு மூணையும் சேத்து முடிச்சிடலாம்" என்றாள் அக்கா. இரண்டு, மூன்றாக உயர்ந்ததைக் கேட்டு, நானும் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். காத்திருக்கும் கூடத்தில் அக்கா மடியில் லேப்டாப், ஒரு காதில் இயர்போன். இன்னொரு காதுப் பக்கம் டாக்டர் உட்கார்ந்திருந்தார். டாக்டரின் அம்மா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அக்காவைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "நீ வா, காபி சாப்பிடலாம்" என்று என்னைக் கேண்டீனுக்கு இழுத்துப் போனார்.

"இந்தப் பொண்ணு ஒரு இடத்துல உக்காருமா?"

"உக்காருவாங்க ஆண்ட்டி."

"பொய் சொல்லாத. நாங்க சிஎஸ்ஐ சபை, அவங்க கத்தோலிக். அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எம் பையன் ஒரு கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் அசைய மாட்டான். சின்ன வயசுல ஸ்கூல் வேன் எப்ப வரும்னு கேட்டான். நான் மறந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் கேட்டுலயே நின்னான்."

நாங்கள் திரும்பி வந்தபோது அக்காவின் முகம் சிவந்திருந்தது. டாக்டர் எழுந்து நின்று, அம்மாவுக்குக் கைகொடுத்து, எங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, அமைதியாகக் கிளம்பிப் போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா என் கையை நசுக்கிவிட்டாள்.

"கேட்டுட்டாரு! கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டுட்டாரு!"

"நீங்க?"

"எனக்கு முழு சம்மதம், அப்பாவும் கூட இருப்பாரு, அது ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். மூஞ்சியப் பாத்து சொல்ல வெக்கமா இருந்துச்சா, லேப்டாப்பப் பாத்து சொன்னேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அப்பாவுக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றும் சேர்ந்து முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். மாலையில் முதலாளியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பூனா பொறுப்பை ஏற்க முடியுமா என்று கேட்டதும் தயங்காமல் முழுச் சம்மதம் சொன்னதற்கு நன்றி, தகப்பனாரையும் தாராளமாக அழைத்து வரலாம், ஏப்ரலில் சேர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரிடம் பேசும்போது மைக் திறந்திருந்திருக்கிறது. "பரவால்ல, மொதலாளி நல்ல மனுஷன். அடுத்த வாரம் விஷயத்தைச் சொல்லி வேணாம்னுடறேன்" என்று சிரித்தாள். இரண்டு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் முதல் சிரிப்பு குறைந்தது. டாக்டரிடமிருந்து போன் இல்லை. ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று.

"நீங்களே பண்ணுங்களேன் அக்கா."

"சம்மதம் சொன்னவ நானு. போனும் நானே பண்ணணுமா? அம்மாக்காரிக்கி என்னைப் புடிக்கல. அவ்ளோதான்."

ஆட்டோவில் போனால் பிரேசர் டவுனைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னாள். பக்கத்துத் தெருவின் நான்கு நாய்களும் ஊசி இல்லாமலே திரிந்தன. முன்னைவிட வேகமாக வேலை செய்தாள். ஒரே நேரத்தில் இரண்டு போனில் பேசினாள். ஒருநாள் பெங்களூர்க்காரருக்குப் போக வேண்டிய மன்னிப்பை மைசூர்க்காரருக்குச் சொல்லிவிட்டு, போனை வைத்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள்.

"எங்கம்மா கடைசியா ஏதோ சொன்னாங்க குடியாத்தம். ஆஸ்பத்திரி பெட்டுல. நான் இந்தக் காதுல ஒரு கஸ்டமரை வெச்சிருந்தேன். 'இன்னாம்மா?'ன்னு திரும்பறதுக்குள்ள கண்ணை மூடிட்டாங்க. தண்ணி கேட்டாங்களா, என்னைக் கூப்பிட்டாங்களான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பூனாவுக்கு வேண்டாம் என்று எழுதி வைத்திருந்த கடிதத்தை அழித்தாள்.

மார்ச்சில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அப்பா, "அங்க எனக்கு யாரைத் தெரியும்? நீ போய் எடம் பாரு, அப்புறம் பாக்கலாம்" என்று மழுப்பிக்கொண்டிருந்தார். கிளம்பும் நாளன்று பெட்டி கட்ட உதவுவதற்காகக் காலையிலேயே அவள் வீட்டுக்குப் போனேன். சரியாக ஒன்பது மணிக்கு வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

டாக்டர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலை படிய வாரியிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. அக்கா கையில் பாதி மடித்த போர்வையோடு அப்படியே நின்றாள்.

"வணக்கம்" என்றார் டாக்டர். "அடுத்த குவார்ட்டர் ஆரம்பிச்சிடுச்சு. அதான் வந்தேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான் நாட்காட்டியைப் பார்த்தேன். ஏப்ரல் ஒன்று. அக்காவும் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். அவள் முகம் கறுத்தது.

"ஏப்ரல் ஃபூல் பண்ண என் வூடுதான் கெடச்சிதா உங்களுக்கு? மூணு மாசம் ஒரு போன் இல்ல!"

"நீங்கதானே டைம் கேட்டீங்க?" டாக்டருக்கு உண்மையாகவே குழப்பம். "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். நீங்க என்னை நேராப் பாத்து, 'இந்த குவார்ட்டர் முடியாதுங்க, அடுத்த குவார்ட்டர் மொத நாள்லேர்ந்து பண்ணலாம், அது வரைக்கும் டைம் குடுங்க'ன்னு சொன்னீங்க. அப்புறம் திரும்பி லேப்டாப்ல யாருக்கோ சம்மதம்னு சொன்னீங்க. யோசிக்கிறப்ப தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்தேன்."

போர்வை கீழே விழுந்தது. ஆஸ்பத்திரி மீட்டிங்கில், ஒரே நாளில் புகாரைத் தீர்க்க முடியுமா என்று முதலாளி கேட்ட கேள்விக்கு, குவார்ட்டர் என்கிற எங்கள் ஆபீசின் மூன்று மாதக் கணக்கில் அக்கா சொன்ன பதில் அது. மைக் மூடியிருந்ததால் முதலாளிக்குப் போகாத பதில். டாக்டருக்குப் போக வேண்டிய பதில் பூனாவுக்குப் போய்விட்டது. பூனாவுக்குப் போக வேண்டியதை இந்த மனிதர் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் நாள் எண்ணியிருக்கிறார்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகு சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டும்தான். அப்பா புதுக்கண்ணால் டாக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்யா, நடுவுல ஒரு தரம் போன் போட்டு கேட்டா இன்னாய்யா?"

"அவங்க தேதி சொல்லியிருந்தாங்க சார்" என்றார் டாக்டர்.

அக்கா எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள். உள்ளே போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். டாக்டருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். "இன்னொரு தரம் கேளுங்க" என்றாள். அவர் கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்னாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போர்வையை மடிக்கிற சாக்கில் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"ஆனா பூனா வேலையும் எனக்கு வேணும்" என்றாள் உடனே. "தப்பா போன சம்மதந்தான். ஆனா நான் அதுக்காகப் பதினோரு வருஷம் ஒழைச்சிருக்கேன்."

டாக்டர் தலையசைத்தார். "போங்க. நான் மாசம் ரெண்டு தரம் வர்றேன். அப்பா இங்க இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

"நீங்க மிருக டாக்டர்ங்க!"

"அதனால இன்னா?" என்றார் அப்பா. "நான் யாரையும் கடிக்க மாட்டேன்."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா பூனாவில் ஒன்றரை வருடம் இருந்தாள். நடுவில் ஒரு வாரம் லீவு போட்டு வந்து கல்யாணம் செய்துகொண்டாள். எந்தக் கோயிலில் என்று இரண்டு வீட்டாரும் முறுக்கிக்கொண்டபோது, கத்தோலிக்கக் கோயிலில் திருமணம், சிஎஸ்ஐ கோயில் பாடகர் குழு என்று தீர்த்துவைத்தவர் டாக்டரின் அம்மா. பிறகு தென்னிந்தியாவுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை போட்டு, அதைப் பெங்களூருக்கே கொண்டுவந்துவிட்டாள். அப்போது நான் வேறு வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்துவிட்டேன். இப்போது எனக்குக் கீழேயும் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இரண்டு போனில் ஒரே நேரத்தில் பேசினால் நான் போய்ப் பக்கத்தில் நின்றுவிடுவேன்.

ஆனால் அவளை நினைக்கும்போது எனக்கு வருவது கல்யாணம் அல்ல, அந்த ஏப்ரல் மாதச் சாயங்காலம்தான்.

மெஜஸ்டிக் ஸ்டேஷனில் நானும் அப்பாவும் பிளாட்பாரத்தில் நின்றோம். டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கவயல் ரயிலைப் பற்றியோ, அம்மாவைப் பற்றியோ, தெரியவில்லை. கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். டாக்டர் முழங்காலில் முழங்கையை ஊன்றி, முகத்தைக் கையில் தாங்கி, கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊதல் சத்தம் கேட்டது. நான் ஜன்னல் கம்பியைத் தட்டினேன். "டாக்டர், எறங்குங்க! வண்டி எடுக்கப் போறாங்க!"

டாக்டர் திரும்பாமலே ஒரு கையை மட்டும் உயர்த்தினார், இருங்க, அவங்க பேசி முடிக்கட்டும் என்பதுபோல. வண்டி நகர்ந்தது. நான் கத்திக்கொண்டே பக்கத்தில் ஓடினேன். ஒரு டீக்காரரும் என்னோடு சேர்ந்து ஓடினார், எதற்கென்று தெரியாமலே. பிளாட்பாரம் முடிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"கண்ணத் தொடைக்காதீங்க, ஆபரேஷன் பண்ண கண்ணு!" என்றேன்.

"வுடு கண்ணு" என்றார். "அடுத்த ஸ்டேஷன் கண்டோன்மெண்டு. எறங்குனா பிரேசர் டவுனுக்கு நடந்தே பூடுவாரு."

அது சரியென்று பட்டது. நாங்கள் இரண்டு டீ வாங்கிக் குடித்தோம். கூட ஓடிய டீக்காரரிடம்தான். அரை மணி நேரம் கழித்து அக்காவுக்குப் போன் செய்தேன். எப்போதும் முதல் மணியிலேயே எடுப்பவள். இந்த முறை அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி மணியில் எடுத்தாள்.

"அக்கா, டாக்டர் எறங்கிட்டாரா?"

"எங்க?"

"கண்டோன்மெண்ட்ல!"

அந்தப் பக்கம் ரயில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் போனை மூடிக்கொண்டு அவரிடம் ஏதோ கேட்பதும், அவர் ஏதோ சொல்வதும், இருவரும் சேர்ந்து சிரிப்பதும் கேட்டது. அப்புறம் என்னிடம் வந்து, பெங்களூரின் ஒவ்வொரு ஸ்டேஷனையும் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய அந்த அக்கா கேட்டாள்:

"கண்டோன்மெண்ட் வந்துச்சா?"